வேலைக்குக் கூப்பிட்ட இடத்தைப் பற்றி விசாரிப்பது எப்படி? மலையக இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏஎல் முடித்தோ, ஒரு டிப்ளோமா படித்தோ, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, கண்டி என்று முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. உடுப்பு, சான்றிதழ் ஃபைல், ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்துவது எல்லாவற்றுக்கும் நம் பிள்ளைகள் நன்றாக ஆயத்தமாகிறார்கள். போகிற இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்பது மட்டும் விட்டுப்போகிறது. இங்கே அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அவர்கள்தானே என்னைப் பார்க்கப் போகிறார்கள்? நான் ஏன் அவர்களைப் பற்றித் தேட வேண்டும்?

முதல் காரணம், கட்டாயம் கேட்பார்கள். "எங்கள் கம்பனியைப் பற்றி என்ன தெரியும்?" என்பது வங்கியாக இருந்தாலும் ஹோட்டலாக இருந்தாலும் வருகிற கேள்வி. "பெரிய கம்பனி சேர், நல்ல கம்பனி சேர்" என்று சொல்கிறவர் பத்தோடு பதினொன்றாகிவிடுவார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இரண்டாவது காரணம். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் பதிந்தால் வேலை, அவ்வளவுதான். முதலாளி யார், என்ன ஒப்பந்தம், சம்பளத்தில் எதைப் பிடிக்கிறார்கள் என்று கேட்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போகிற பிள்ளைகளிடமும் அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறது. நியமனக் கடிதம் இல்லாமல் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, சேமலாப நிதிக்கு ஒரு சதம்கூடக் கட்டப்படவில்லை என்று பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் நம்மிடையே நிறைய. கல்யாணம் பேசுவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். தினமும் எட்டு மணித்தியாலம் இருக்கப் போகிற இடத்துக்கும் அந்த விசாரிப்பு தேவை. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கம்பனியின் பெயர் மட்டும்தான் தெரியும். எங்கே தொடங்குவது?

அந்தப் பெயரில்தான். விளம்பரத்திலோ கடிதத்திலோ உள்ள முழுப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் "பிரைவட் லிமிடெட்" என்று இருந்தால் தனியார் கம்பனி. "பீஎல்சி" என்று இருந்தால் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பெயரிலேயே இது தெரிய வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் அப்படி ஒரு கம்பனி பதிவாகி இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். பதிவு இலக்கம் தனியார் கம்பனிக்கு பீவி என்றும், பட்டியலிட்ட கம்பனிக்கு பீகியூ என்றும் தொடங்கும்.

அதில் பெயர் இல்லாவிட்டால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். டவுனில் உள்ள பல கடைகள், டியூஷன் நிலையங்கள், சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் எல்லாம் கம்பனி இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிந்திருப்பார்கள். அந்தப் பதிவுச் சான்றிதழைப் பெரும்பாலும் கடைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் வழங்கும் பெயர் ஒன்று, கம்பனியின் பெயர் இன்னொன்று. பீட்ரூ தோட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நடத்துவது களனிவெலி பெருந்தோட்டக் கம்பனி. அந்தக் கம்பனியோ ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்தது. லபுக்கலைத் தேயிலை நிலையத்தை இன்றும் மெக்வுட்ஸ் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், பெயர்ப்பலகை டம்ரோவுக்கு மாறிப் பல வருடமாகிறது. பழைய முதலாளியைப் பற்றிப் படித்துக்கொண்டு போய்ப் புதிய முதலாளி முன்னால் உட்காராதீர்கள்.

தோட்டத்தில் உத்தியோகம். பெருந்தோட்டக் கம்பனியைப் பற்றி எங்கே தேடுவது?

இது நம் ஆட்களுக்குச் சாதகமான இடம். பெருந்தோட்டக் கம்பனிகளில் பல, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. அதனால் ஒவ்வொரு வருடமும் ஆண்டறிக்கை வெளியிட்டே ஆக வேண்டும். பங்குச் சந்தையின் இணையதளத்தில் அதை யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். வெளிக்கள உத்தியோகத்தர், கிளாக்கர், உதவி டீமேக்கர், சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று எந்த வேலைக்குப் போனாலும் அந்த அறிக்கை உதவும்.

பின்னணியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்னும் அரசினுடையது, கம்பனிகள் வைத்திருப்பது நீண்டகாலக் குத்தகை. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்கள் தனி. அவை அரச நிறுவனங்கள் என்பதால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்கவும் முடியும். இன்டர்வியூவுக்குள் பதில் வந்து சேராது, ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

பெக்டரி வேலை என்றால் ஏல விலையையும் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் வாராவாரம் நடக்கிறது. போர்ப்ஸ் அன்ட் வோக்கர், ஏசியா சியாக்கா போன்ற தரகர் நிறுவனங்கள் வாராந்த அறிக்கை வெளியிடுகின்றன. நீங்கள் போகிற பெக்டரியின் மார்க் (ஏலத்தில் அதன் தேயிலைக்குள்ள பெயர்) அதில் நல்ல விலைக்குப் போயிருந்தால், அதைத் தெரிந்துகொண்டு வந்த பிள்ளையை எந்த மனேஜருக்கும் பிடிக்கும். பெக்டரி கொழுந்தை உருட்டிச் செய்யும் ஓதடொக்ஸ் தேயிலை செய்கிறதா, நசுக்கிக் கிழித்துச் செய்யும் சீடீசீயா என்பதும், 4,000 அடிக்கு மேலே உள்ள உயர்நிலத் தேயிலையா, 2,000 முதல் 4,000 அடிக்குள் வரும் மத்தியநிலமா என்பதும் தெரியாமல் போகவே கூடாது.

ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். தலைவரின் செய்தியைப் படியுங்கள், இரண்டு மூன்று பக்கம்தான் வரும். போன வருடம் என்ன கஷ்டம், இந்த வருடம் என்ன திட்டம் என்று அதில் இருக்கும். பிறகு தோட்டங்களின் பட்டியலில் நீங்கள் போகிற தோட்டத்தைத் தேடி, எத்தனை ஹெக்டயர், எந்த உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கங்களில் பல வருடக் கணக்கு ஒரே அட்டவணையில் இருக்கும். லாபம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதில் தெரியும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அந்த எண்களில் எப்படிப் பதிந்திருக்கின்றன என்று பார்த்தாலே பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமோ, கெம்பஸில் படிக்கும் அக்கா ஒருவரிடமோ அந்த மூன்று பக்கத்தை மட்டும் காட்டுங்கள். முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இணையத்தில் வராத விஷயங்களை யாரிடம் கேட்பது?

உண்மையில் முக்கால்வாசி விஷயம் இணையத்தில் வராது. தோட்டத்தை எடுத்துக்கொண்டால் கொழுந்து லொறி டிரைவர், தபால்காரர், டவுனில் தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுக்கும் கடைக்காரர், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் எல்லோருக்கும் உள்நிலவரம் தெரியும். உத்தியோகத்தர் வேலை என்றால் தோட்ட சேவையாளர் சங்கத்தின் ஆள் யாரையாவது பிடியுங்கள். உத்தியோகத்தர்களின் சம்பளத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. எந்தத் தரத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். டவுனில் உள்ள கம்பனி என்றால் அங்கே முன்பு வேலை செய்தவர்தான் சிறந்த ஆள். நம் ஊரில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க இரண்டு போன் கோல் போதும்.

"நல்ல இடமா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். சம்பளம் எத்தனையாம் திகதி போடுகிறார்கள்? போன தீபாவளிக்கு அட்வான்ஸ் கொடுத்தார்களா? குவாட்டர்ஸ் தருகிறார்கள் என்றால் அதில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா? பெண்பிள்ளை என்றால் வேலை முடிந்து போகும் நேரத்துக்கு பஸ் இருக்கிறதா, இல்லையென்றால் வாகனம் கொடுக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்? இந்த ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லும். ஒரு வருடத்துக்குள் மூன்று பேர் வந்து போன நாற்காலி என்றால் காரணம் தெரியாமல் அதில் உட்காராதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர் ஒரு மாதிரிச் சொல்வார், மனேஜருக்கு வேண்டியவர் வேறு மாதிரிச் சொல்வார். அடுத்தது, அடக்கமாகக் கேளுங்கள். காலையில் கடையில் கேட்டது பகல் சாப்பாட்டுக்கு முன் மனேஜரின் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஹோட்டல் வேலைக்குப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று பாருங்கள். விருந்தாளிகள் எழுதும் விமர்சனங்களில் கடைசி ஆறு மாதத்தில் வந்தவற்றைப் படியுங்கள். அறை அழுக்கு என்று பலர் எழுதியிருந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று ஊகிக்கலாம். அந்தப் பாரம் உங்கள் தலையில்தான் விழும். கந்தப்பளையில் உள்ள ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி போன்ற இடமானால் அது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை என்ற கதையே அவர்களின் மூலதனம், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். ஹோட்டலில் பில்லோடு சேரும் 10 வீத சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பகிர்வார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அது ஒரு தொகையாகவும் மழைக்காலத்தில் வேறு தொகையாகவும் இருக்கும். போன வருடம் மாதாமாதம் எவ்வளவு வந்தது, புதிதாகச் சேர்ந்தவருக்கும் பங்கு உண்டா என்று அங்கே வேலை செய்கிறவரிடம் விசாரியுங்கள்.

லீசிங், மைக்ரோ பினான்ஸ் கம்பனிகளில் வேலை நிறைய இருக்கிறதே?

இருக்கிறது. அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியலும், 2016ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியலும் மத்திய வங்கியின் இணையதளத்தில் உள்ளன. முதலில் அதில் பெயரைத் தேடுங்கள்.

பட்டியலில் இருந்தாலும் வேலை என்ன என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "வெளிக்கள உத்தியோகத்தர்" என்று விளம்பரம் இருக்கும். செய்யப் போவது தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய்ச் சிறு கடன்களுக்கு வாரக் கட்டணம் அறவிடுவது. நம் பெண்கள் இந்தக் கடன்களில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதை வசூலிக்கும் வேலையை மனம் ஏற்குமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் உங்களுடையதா கம்பனியுடையதா, பெற்றோல் காசு யார் தருவார், இலக்கு எட்டாவிட்டால் சம்பளத்தில் வெட்டுவார்களா என்பவற்றையும் முன்பே விசாரியுங்கள்.

இன்டர்வியூவுக்கு வரும்போது பயிற்சிக் கட்டணம் கொண்டுவரச் சொல்கிறார்கள். சரியா?

போகாதீர்கள். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும், உங்களிடம் வாங்கக் கூடாது. கண்டியிலும் பதுளையிலும் ஹோலில் கூட்டம் வைத்து, "முதலில் பொதி வாங்குங்கள், பிறகு மூன்று பேரைச் சேருங்கள்" என்று சொல்கிற இடங்களில் நேர்முகப் பரீட்சை என்ற பெயர் இருக்கும், வேலை இருக்காது. இப்படிப்பட்ட பிரமிட் திட்டம் நடத்துவதும் அதை ஊக்குவிப்பதும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. கூப்பிடுகிறவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கான நேர்முகப் பரீட்சை என்றால்?

முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கத்தை வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள், அல்லது 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தோட்டத்துக்கு வந்து பாஸ்போட்டை வாங்கிப் போகும் இடைத்தரகரிடம் எதையும் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை அத்துடன் நிறுத்துங்கள்.

அரச வேலை?

வர்த்தமானி அறிவித்தலைத் தமிழிலேயே முழுதாகப் படியுங்கள். தகுதி, வயது, சம்பளக் குறியீடு, தெரிவு முறை எல்லாம் அதில் உள்ளன. நேர்முகப் பரீட்சைக்கான புள்ளித் திட்டம் கொடுக்கப்பட்டிருந்தால் அதன்படி ஃபைலை அடுக்குங்கள்.

சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டு. சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்களா, தன் கணக்கில் அது ஏறியிருப்பதை அவர் பார்த்திருக்கிறாரா? சட்டப்படி உங்கள் 8 வீதத்துடன் முதலாளி 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதமும் அவர்தான் கட்ட வேண்டும். 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடம் 3,200 பிடிப்பார்கள், முதலாளியின் கையிலிருந்து 4,800உம் 1,200உம் போக வேண்டும். "பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. தகுதிகாண் காலம் என்பதற்காகவும் இதைக் கட்டாமல் விட முடியாது.

கொழும்பில் கடை வேலை, நாளைக்கே வரச் சொல்கிறார்கள். இதற்கும் விசாரிக்க வேண்டுமா?

இதற்குத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். கடையின் பெயர், தெரு, முதலாளியின் தொலைபேசி இலக்கம் மூன்றும் வீட்டில் எழுதி இருக்க வேண்டும். தங்குமிடம் எங்கே, எத்தனை பேர் ஓர் அறையில், சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். வேலை விபரங்களை எழுத்தில் தருவதும் அந்தச் சட்டத்தில் உள்ளது. கூட்டிக்கொண்டு போக வருகிறவர் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் அவசரப்படுத்தினால் அந்த பஸ்ஸில் ஏற வேண்டாம்.

பேஸ்புக்கில் கம்பனியைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

ஒன்றிரண்டு பேர் என்றால் காதில் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஒரே குறையை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் சொல்லியிருந்தால் அதை விசாரியுங்கள்.

தேடியதை எல்லாம் இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

ஒப்புவிக்காதீர்கள். கம்பனி தொடங்கிய வருடம், கிளைகளின் எண்ணிக்கை, பணிப்பாளர்களின் பெயர் எல்லாம் அவர்களுக்கே தெரியும். ஒன்றோ இரண்டோ எடுத்து, அதை உங்கள் வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணமாக, "ஆண்டறிக்கையில் இந்தத் தோட்டத்தில் புதுத் தேயிலை நடுகை நடப்பதாகப் பார்த்தேன். அப்பா நாற்று மேடையில் வேலை செய்தவர், அந்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்" என்று சொன்னால் அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தோட்டத்துப் பிள்ளை என்பதை மறைக்கப் பார்க்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், மனது கஷ்டப்படும். கொழுந்தையும் பெக்டரியையும் தோட்டத்து ஆட்களையும் பிறந்ததிலிருந்து தெரிந்தவர் என்பது இந்த மாவட்டங்களில் பெரிய தகுதி. லயத்து விலாசத்தைச் சொல்லக் குரல் தாழ வேண்டாம்.

"ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று கடைசியில் வரும்போது "இல்லை சேர்" என்று எழும்பாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள், யாருக்குக் கீழே வேலை, தகுதிகாண் காலம் எவ்வளவு என்று இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். வெளியில் கேட்ட குறைகளை அங்கே போட்டு உடைக்க வேண்டாம். "சம்பளம் பிந்துகிறதாமே" என்று கேட்பதற்குப் பதிலாக "சம்பளம் எத்தனையாம் திகதி போடுவீர்கள்?" என்று கேட்டால் அதே விஷயம் தெரிந்துவிடும்.

எந்த மொழியில் நடத்துவார்கள் என்பதையும் அழைப்பு வரும்போதே கேளுங்கள். சிங்களம் என்றால் கம்பனியைப் பற்றிய நாலு வசனத்தைச் சிங்களத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு போகலாம்.

கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது, நாளைக் காலை இன்டர்வியூ. டேட்டாவும் இல்லை. என்ன செய்வது?

தோட்ட ஆபீஸ் வழியாக வரும் கடிதங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அதனால் விண்ணப்பத்தில் எப்போதும் தொலைபேசி இலக்கத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால் நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

ஒரே இரவுதான் இருக்கிறது என்றால் மூன்று விஷயம் போதும். பதிவான இடமா, என்ன செய்கிறார்கள், எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார். முதல் இரண்டையும் கூட்டாளி ஒருவரின் போனில் அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். மூன்றாவதற்கு ஒரு கோல்.

விசாரித்ததில் நல்ல செய்தி வரவில்லை. போகாமல் விடலாமா?

குறை என்ன என்பதைப் பொறுத்தது. காசு கேட்டால், பதிவே இல்லையென்றால், பெண்பிள்ளைகளிடம் தவறாக நடப்பதாக இரண்டு பக்கமிருந்தும் கேள்விப்பட்டால் போக வேண்டாம். மனேஜர் கோபக்காரர், வேலை அதிகம், சம்பளம் கொஞ்சம் குறைவு என்ற அளவில் என்றால் போய்ப் பாருங்கள். முதல் வேலைக்கு அனுபவம்தான் பெரிய வருமானம், நேரில் பார்க்கும்போது வேறு மாதிரியும் தெரியலாம். வேலை கிடைத்தால் நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு நாள் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் கடிதத்தைக் காட்டலாம்.

போவதில்லை என்று முடிவு செய்தால் முதல் நாளே போன் செய்து, "வர முடியவில்லை, மன்னியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளையைக் கூப்பிட அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.